பூனையின் தினவும் தூசிச் சோதனையும்

பூனை அருகே வந்தால் தும்மல் வருகிறது என்று சொல்லும் மனிதரை நாம் அனைவரும் அறிவோம். பூனைக்கே ஒவ்வாமை வருவது உண்டு என்று சொன்னாலோ பலர் சிரிக்கிறார்கள். அதிலும், நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதிலைத் தின்று நம் மெத்தையிலேயே வாழும் ஒரு சிற்றுயிர் அதற்குக் காரணமாகக்கூடும் என்றால், டாக்டர் வேடிக்கை பேசுகிறார் என்றே எண்ணிவிடுகிறார்கள். இது வேடிக்கை அன்று. அந்தச் சிற்றுயிரைப் பற்றியும், பூனையின் தோல்நோய்க்கு அதுதான் காரணமா என்று அறியச் செய்யப்படும் சோதனையைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் தம் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். சாம்பல் நிறப் பெண் பூனை. வயது நான்கு இருக்கும். வயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் மயிரே இல்லை. கழுத்தைச் சுற்றிக் கடுகு தூவினாற்போலச் சிறு பொருக்குகள். கூடையைத் திறப்பதற்கு முன்பே அம்மையார் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"டாக்டர், இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. தூசிப் பூச்சிதான் காரணமாம். மெத்தையைக்கூட எறிந்துவிட்டேன். இன்னும் முடி முளைக்கவில்லையே!"

தாளை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பூனை சொறிந்துகொள்கிறதா என்று கேட்டேன். சொறிவதே இல்லை, முடி தானாக உதிர்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாயைப் போலப் பூனை நம் கண்முன் தினவைக் காட்டிக்கொள்வதில்லை. கட்டிலின் கீழோ பரண்மேலோ ஒதுங்கி, சொரசொரப்பான தன் நாக்கினால் மணிக்கணக்காக நக்கி மயிரை அறுத்துவிடும். மயிரிழை சிலவற்றைப் பிடுங்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். தானாக உதிர்ந்திருந்தால் நுனி கூர்மையாக இருக்கும். நக்கி அறுத்திருந்தால் ஒடிந்திருக்கும். இந்தப் பூனையின் மயிர் நுனிகள் யாவும் ஒடிந்தே இருந்தன.

அடுத்து, நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் முதுகை வாரினேன். கருமிளகுத் தூள் போன்ற சில துகள்கள் வந்தன. அவற்றை ஈரப் பஞ்சில் வைத்தவுடன் சுற்றிலும் செம்பழுப்பு நிறம் பரவிற்று. அது தெள்ளுப் பூச்சியின் எச்சம். அதாவது செரித்த இரத்தம். "எங்கள் வீட்டில் தெள்ளா?" என்று அம்மையார் முகம் சிவந்தார். இந்தக் கோபத்தை நான் பல வீடுகளிலும் கண்டிருக்கிறேன். மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது என்றால் பொறுத்துக்கொள்பவர்கள், கண்ணுக்குத் தெரியும் தெள்ளு இருக்கிறது என்றால் பொறுப்பதில்லை.

அப்படியானால் சோதனை பொய்யா? பொய் இல்லை. அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதில்தான் சிக்கல்.

தூசிச் சிற்றுண்ணி சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிர். மூன்று உண்ணிகளை வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அது நீர் பருகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே சென்னை போன்ற கடற்கரை ஊர்கள் அதற்குச் சொர்க்கம். அது நம்மைக் கடிப்பதும் இல்லை. அதன் கழிவிலும் உடற்சிதைவிலும் உள்ள சில புரதங்களே தொல்லை தருகின்றன. வீட்டுத் தூசியால் சிலருக்கு இளைப்பு வருகிறது என்பது முன்பே தெரிந்திருந்தபோதிலும், தூசியில் குற்றவாளி இந்த உண்ணிதான் என்பதை 1960-களில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். அதே பத்தாண்டில்தான், ஒவ்வாமையில் பங்குகொள்ளும் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளும் கண்டுபிடிக்கப்பட்டது.

அம்மையார் கொண்டுவந்த தாள், பூனையின் இரத்தத்தில் இந்த உண்ணிக்கு எதிரான ஐ.ஜி.ஈ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொன்ன தாள். ஆனால் ஒரு தினவும் இல்லாமல் திண்ணையில் சுகமாகத் தூங்கும் பூனைகளின் இரத்தத்தைச் சோதித்தாலும் அவற்றுள் பலவற்றில் இதே எதிர்ப்பொருள் காணப்படுகிறது. உண்ணியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த பூனையின் உடல் அதை அறிந்துவைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த அறிமுகம் பகையாக முற்றி நோயாயிற்றா என்பதற்குச் சான்று ஆகாது. இக்காரணம் பற்றியே 2021-ஆம் ஆண்டில் இத்துறை வல்லுநர் குழு ஒன்று, மனிதருக்கும் நாய்க்கும் வழங்கும் நோய்ப்பெயரைப் பூனைக்கு அப்படியே சூட்டாமல், 'நோய்க்குறித் தொகுதி' என்னும் எச்சரிக்கையான பெயரை வகுத்தது.

இன்னொரு முறையும் உண்டு. விலாப்புறத்து மயிரை மழித்து, உண்ணி, மகரந்தம் முதலியவற்றின் சாரத்தைத் துளித்துளியாகத் தோலுக்குள் செலுத்தி, கால்மணி நேரம் கழித்து எங்கே தடிப்பு எழுகிறது என்று பார்ப்பது. நாயிடம் இது நன்கு பயன்படும். பூனையின் தோல் மெல்லியது. தடிப்பு எழுந்தாலும் தட்டையாகவே நின்றுவிடுகிறது. கையால் தடவினாலும் தெரியாது. ஒளிரும் சாயம் ஒன்றை நாளத்தில் ஏற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்பவர்களும் உண்டு. பூனைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தவும் வேண்டும். இத்தனைக்குப் பின்னும், நலமான பூனையையும் நோயுற்ற பூனையையும் பிரித்துக்காட்டும் வல்லமை இதற்கும் முழுமையாக இல்லை.

ஆகவே மருத்துவர் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். தெள்ளு, சொறி உண்டாக்கும் ஒட்டுண்ணிகள், படர்தாமரை, பிறகு உணவு. பெரும்பாலான தவறுகள் இங்கேதான், பொறுமையின்மையால் நேர்கின்றன.

அம்மையாரின் வீட்டிலிருந்த மூன்று பூனைகளுக்கும், நோயுற்ற ஒன்றுக்கு மட்டும் அல்லாமல், மூன்று மாதங்கள் தெள்ளு மருந்து இடச் சொன்னேன். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நாய்க்கென விற்கும் சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பொருள் இருக்கிறது. நாய்க்குத் தீங்கு செய்யாத அந்த மருந்து பூனைக்கு வலிப்பை வரவழைத்து உயிரையே வாங்கிவிடும். மிச்சம் இருக்கிறதே என்று பூனையின் கழுத்தில் ஒரு சொட்டு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெள்ளு ஒழிந்தது, கழுத்துப் பொருக்குகளும் மறைந்தன. வயிற்றை நக்குவது மட்டும் நிற்கவில்லை. பிறகு எட்டு வாரத்துக்கு உணவுச் சோதனை. புரதத்தை நுண்ணிதாகச் சிதைத்துத் தயாரித்த உணவன்றி வேறொன்றும் தரலாகாது. ஐந்தாம் வாரத்தில், அடுத்த வீட்டுப் பாட்டி நாள்தோறும் ஒரு மீன்தலை போட்டுவருவது தெரியவந்தது. மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கினோம். அம்மையார் அலுத்துக்கொண்டார், ஆனால் கைவிடவில்லை. எட்டு வாரம் முடிந்தும் மாற்றம் இல்லை. உணவும் காரணம் அன்று.

அப்போதுதான் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். ஆண்டு முழுவதும் ஓயாத தினவு. வீட்டைவிட்டு வெளியே செல்லாத பூனை. மற்றக் காரணங்கள் யாவும் கழிந்துவிட்டன. தாளில் தூசி உண்ணி ஓங்கி நிற்கிறது. இவை ஒன்றோடொன்று பொருந்தின. தாள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. மருந்துக் குப்பியில் எதைச் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லிற்று. எந்தப் பொருள் ஒவ்வவில்லையோ அதையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டித் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தி, உடலை இணங்கச் செய்யும் முறை இது. லண்டனில் லெனார்டு நூன் 1911-ஆம் ஆண்டிலேயே மனிதருக்கு இதைக் கையாண்டு எழுதியிருக்கிறார். பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இதனால் குணம் காண்கின்றன என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பலன் தெரிய ஓர் ஆண்டு வரை காத்திருக்கவும் வேண்டும்.

ஊசி போடுவதை அம்மையாரே கற்றுக்கொண்டார். எட்டாம் மாதத்தில் வயிற்றில் பூனைமயிர் அரும்பிற்று. முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் காற்று ஈரமேறினால் மீண்டும் நக்கத் தொடங்குகிறது. சில நாள் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. எறிந்த மெத்தைக்குப் பதில் புதிது வாங்கிவிட்டார்கள். ஒரு மெத்தையை எறிவதால் தலையணையிலும் சோபாவிலும் உள்ள உண்ணிகள் போய்விடுவதில்லை என்பதால், நெருக்கமான நெசவுள்ள உறை ஒன்றைத் தைத்துப் போட்டு, விரிப்புகளை வாரந்தோறும் அறுபது டிகிரி வெந்நீரில் அலசி உலர்த்துகிறார்கள். பூனை அந்தப் புது மெத்தைமேல்தான் படுத்துக்கொள்கிறது. தரையில் அதற்கென்று விரித்த பாயை அது இதுவரை தொடவில்லை.