புதுப் பந்தும் சீக்காவும்



விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் ஆம்பூர் டேனரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது தோல். அதற்கு அடுத்தபடி தெரிந்தது சீக்கா, அதாவது கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிக்ஸர் மலிந்துவிட்டது. ஒரே ஆட்டத்தில் இருபது பறந்தாலும் பையன்கள் போனிலிருந்து தலை தூக்குவதில்லை. 1980-களில் நிலைமை வேறு. தொடக்க ஆட்டக்காரர் என்றால் அவருக்கு ஒரே உபதேசம்தான்: "பந்து பழசாகட்டும், அதுவரைக்கும் நின்னா போதும்." கவாஸ்கர் அந்தக் கலையின் சிகரம். அவருக்கு எதிர்முனையில் வந்து நின்றவர் ஸ்ரீகாந்த். முதல் ஓவரிலேயே மட்டையை ஓங்குவார். அவரை அவசரக்காரர் என்றார்கள், பொறுப்பில்லாதவர் என்றார்கள். தோலைத் தொட்டுப் பிழைத்தவன் கண்ணுக்கு அவர் கணக்குத் தெரிந்த ஆளாகத்தான் தெரிந்தார். அந்தக் கணக்கைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் 1959 டிசம்பர் 21-இல் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தார். 1981 நவம்பரில், இருபத்திரண்டு வயது நிறைவதற்குள், கீத் ஃப்ளெட்சர் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக இந்திய அணியில் இடம் கிடைத்தது. பம்பாயில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்தை ஆடிவிட்டு, ஓட்டம் எடுக்கும் எண்ணமே இல்லாமல், தன் பாட்டுக்குக் கோட்டை விட்டு வெளியே நடந்தார். பக்கத்தில் நின்ற இங்கிலாந்து வீரர் எம்புரி பந்தை ஸ்டம்பின் மேல் எறிந்தார். ரன் அவுட். அறிமுக டெஸ்டில் இப்படி அவுட்டானவரை அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்பீர்கள். கூப்பிட்டார்கள், பத்தாண்டுக்கு மேல் ஆடினார்.

அவர் நிற்கும் விதமே தனி. பந்துக்குப் பந்து ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை, அண்ணாந்து சூரியனை ஒரு பார்வை, மூக்கை ஓர் உறிஞ்சல். எங்கள் தெருப் பையன்களில் பாதிப் பேருக்கு மட்டை பிடிக்கத் தெரியாது, மூக்கை உறிஞ்ச மட்டும் தெரியும்.

சரி, பந்துக்கு வருவோம். என் இடம் இதுதான்.

கிரிக்கெட் பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராமுக்குள் இருக்க வேண்டும். உள்ளே கார்க்கு, அதைச் சுற்றி இறுக்கிச் சுற்றிய நூல், மேலே தோல். நல்ல பந்துக்குத் தோல் நான்கு துண்டு. இரண்டிரண்டாக உள்பக்கம் தைத்தால் இரண்டு கிண்ணம் கிடைக்கும். கிண்ணங்களை எதிரெதிரே வைத்து ஆறு வரிசை தையல் போட்டு மூடுவார்கள். நாம் 'சீம்' என்று சொல்வது அந்தத் தையலைத்தான். இந்தியாவில் டெஸ்டுக்குப் போகும் எஸ்.ஜி. பந்து மீரட்டில் தயாராகிறது. அந்தக் கம்பெனி 1931-இல் சியால்கோட்டில் தொடங்கி, பிரிவினைக்குப் பிறகு மீரட்டுக்கு வந்தது.

தோல் எந்தத் தோல்? வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை நேயர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். பிறகு வாட்டில் பட்டை வந்தது. அதற்குப் பிறகு டிரம்மில் போட்டுச் சுழற்றும் குரோம் வந்தது. டிரம்மைத் திறந்தால் நீலமாக வந்து விழும், அதனால்தான் அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். பந்துத் தோல் பட்டையில் பதப்படுத்தியதும் இல்லை, குரோமும் இல்லை. அது படிகாரத்தில் பதப்படுத்திய மாட்டுத்தோல். வெள்ளை வெளேரென்று இருக்கும், பிறகுதான் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள்.

ஏன் இவ்வளவு சிரமம் என்று தோன்றலாம். எங்கள் செக்‌ஷனில் இருந்த இளவட்டங்கள் ஒரு தடவை மீந்துபோன ஷூ தோலில் நான்கு துண்டு வெட்டி, கார்க்கைச் சுற்றிக் கையாலேயே தைத்து ஒரு பந்து செய்தார்கள். பார்க்க அசல் பந்து மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் இறக்கினார்கள். நாலைந்து அடி நன்றாக வாங்கியது. அதற்குப் பிறகு தோல் இளகி, உள்ளே இருக்கும் உருண்டை ஒரு பக்கமும் மேல்தோல் ஒரு பக்கமும் போக ஆரம்பித்தது. ஷூவின் மேல்தோல் காலுக்கு ஏற்றபடி இழுபட வேண்டும், அது அதன் வேலை. பந்துக்கு வேண்டியது இழுபடாத தோல்.

இன்னொன்றும் சொல்கிறேன். செலக்‌ஷன் மேஜையில் எங்கள் மேஸ்திரி தோலை விரித்ததும் முதலில் முதுகுப் பக்கம் பெருவிரலை வைத்து அழுத்துவார். பிறகு விரலை அப்படியே வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார். முதுகில் விரல் நிற்கும். வயிற்றில் சுருக்கம் விழும். "பாரு, ஒரே மாடுதான், ரெண்டு தோல்," என்பார். பந்துக்குப் போகிற நான்கு துண்டும் ஒரே பதமாக இருக்க வேண்டும். ஒன்று முதுகும் ஒன்று வயிறுமாக இருந்தால் ஒரு பக்கம் சீக்கிரம் தேயும், பந்து கோணிக்கொள்ளும். நேயர்களே, வீட்டில் தோல் செருப்போ பையோ இருந்தால் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று சுருங்கினால் வயிற்றுத்தோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன். புதுப் பந்தின் மேல் பூச்சு பளபளக்கிறது, சீம் எழும்பி நிற்கிறது, அதனால் பந்து காற்றில் வளையும், தரையில் பட்டுத் திரும்பும். இது பந்துவீச்சாளரின் லாபம். எல்லோரும் இதை மட்டும் பார்த்தார்கள். மறுபக்கம் என்ன? தோல் இறுக்கமாக, பந்து கல்லாக இருப்பதும் அப்போதுதான். மட்டையில் பட்டால் விசை குறையாமல் பறக்கும். விக்கெட் எடுக்கும் ஆசையில் ஸ்லிப்பில் மூன்று பேர், கல்லியில் ஒருவர் என்று மட்டைக்குப் பக்கத்திலேயே ஆளைக் குவித்திருப்பார்கள். எல்லைக்கோட்டுப் பக்கம் காலி. ஐம்பது ஓவர் அடிபட்ட பந்து மெத்தென்று ஆகிவிடும், அதற்குள் ஆட்களும் பரவிவிடுவார்கள். தூக்கி அடிக்க உகந்த நேரம் எது? முதல் மணி நேரம். ஸ்ரீகாந்த் செய்தது அவ்வளவுதான்.

அதன் உச்சம் 1983 ஜூன் 25, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மேற்கிந்தியத் தீவுகள் டாஸ் ஜெயித்து இந்தியாவை ஆடச் சொன்னது. ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நான்கு பேரும் வேகம். அணியின் ஸ்கோர் இரண்டாக இருந்தபோது கவாஸ்கர் அவுட். வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்து தடுத்தாடியிருப்பார்கள். ஸ்ரீகாந்த், ஆண்டி ராபர்ட்ஸ் போட்ட பந்துக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஆஃப் பக்கம் அடித்தார் பாருங்கள் ஒரு ஸ்கொயர் டிரைவ்! ஃபீல்டர் திரும்புவதற்குள் பந்து பலகையில். இணையத்தில் இருக்கிறது, பேரன் பேத்தியிடம் சொன்னால் எடுத்துத் தருவார்கள். அடித்த பிறகு அந்த முழங்கால் தரையிலேயே ஒரு கணம் இருப்பதைப் பாருங்கள்.

மொத்தம் 57 பந்தில் 38 ரன். ஏழு பவுண்டரி, ஒரு சிக்ஸர். அதாவது 38-இல் 34 எல்லைக்கோட்டில் வந்தது, ஓடி எடுத்தது வெறும் நான்கு. பிறகு மார்ஷலிடம் எல்.பி.டபிள்யூ. 38 எல்லாம் ஒரு ஸ்கோரா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். இரண்டு அணியையும் சேர்த்து அன்றைக்கு அதைத் தாண்டி ஒருவரும் எடுக்கவில்லை. விவியன் ரிச்சர்ட்ஸே 33-தான். இந்தியா 183, எதிரணி 140, வெற்றி 43 ரன்னில். பந்துவீச்சால் ஜெயித்த ஆட்டம், ஆட்ட நாயகன் மொகிந்தர் அமர்நாத். ஆனால் இந்தியா ஜெயித்த அந்த 43-ஐயும் சீக்காவின் 38-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தச் சமயம் அவர் புது மாப்பிள்ளை. உலகக் கோப்பையை ஜெயிப்போம் என்றெல்லாம் நினைக்கவில்லை, லண்டனில் ஆடிவிட்டு அப்படியே அமெரிக்காவுக்குத் தேனிலவு போவதாகத்தான் ஏற்பாடு என்று அவரே மேடைகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கா என்றதும் ஒரு கிளைக்கதை. அங்கே பேஸ்பால். பந்தைத் தூக்கி வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். அதில் பேர்போனவர் பேப் ரூத், 1895-இல் பால்டிமோரில் பிறந்தவர். சிறுவயதில் ஒரு தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள், அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டார். நம்ம ஆம்பூர் ஷூ கம்பெனித் தையல்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், ஆள் நம்ம ஜாதி! 1919-இல் 29 ஹோம் ரன் அடித்தவர், 1920-இல் 54 அடித்தார், 1927-இல் 60. வாழ்நாளில் 714.

இதிலும் பந்துதான் எனக்கு ருசி. அதுவரை அங்கே ஒரே பந்தை ஆட்டம் முழுக்க வைத்திருப்பார்கள். புகையிலை எச்சில், மண் எல்லாம் தேய்த்துக் கறுத்து, இளகிப்போயிருக்கும். 1920 ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு பந்து அழுக்கானால் உடனே மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாக்கினார்கள். வெளுப்பான, இறுக்கமான பந்து எப்போதும் ஆட்டத்தில் இருந்தது. ஹோம் ரன் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ரூத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 1330 தடவை, அடிக்கப்போய்த் தவறவிட்டு அவுட். அடிக்கிறவனுக்கு இரண்டு கணக்கும் சேர்ந்தே ஏறும். அங்கே ரூத்தைப் பேசும்போது 714-ஐச் சொல்கிறார்கள். இங்கே சீக்காவைப் பேசும்போது சராசரியைச் சொல்கிறார்கள்.

அந்தச் சராசரியையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பானேன். 43 டெஸ்டில் 2062 ரன், 146 ஒருநாள் ஆட்டத்தில் 4091 ரன். இரண்டிலும் சராசரி முப்பதைத் தொடவில்லை. டெஸ்டில் சதம் இரண்டே இரண்டு. ஒன்று 1986 ஜனவரியில் சிட்னியில் 116, கவாஸ்கர் கூடவே நின்று 172 எடுத்த ஆட்டம். இன்னொன்று 1987 பிப்ரவரியில் நம்ம சேப்பாக்கத்தில், இம்ரான் கானின் பாகிஸ்தானுக்கு எதிராக 123.

சேப்பாக்கம் ஆட்டம் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை. கூத்தபிரான், ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் குரல்களை மறக்க முடியுமா? எங்கள் பினிஷிங் செக்‌ஷனில் ஜன்னல் கம்பியில் டிரான்சிஸ்டரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஸ்ப்ரே மெஷின் ஓடினால் ஒன்றும் கேட்காது. சீக்கா ஆடும்போது மெஷின்காரர் தானாகவே சுவிட்சை அணைத்துவிடுவார். அன்று சாயம் அடிக்காமல் கிடந்த தோலுக்கு மேனேஜரிடம் என்ன காரணம் சொன்னோம் என்று இப்போது கேட்காதீர்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்கிறேன். 1985-இல் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 67 எடுத்து ஆட்ட நாயகன். 1988-இல் நியூசிலாந்துக்கு எதிராக, நம்பினால் நம்புங்கள், சுழற்பந்து வீசி ஒரு ஆட்டத்தில் ஐந்து விக்கெட். 1989-இல் பாகிஸ்தான் பயணத்துக்குத் தலைவர். பதினாறு வயது சச்சின் டெண்டுல்கர் அறிமுகமானது அவர் தலைமையில்தான். நான்கு டெஸ்டும் டிரா. தோற்காமல் திரும்பியும் தலைமை போனது, அவர் மட்டையும் அந்தத் தொடரில் பேசவில்லை. 1992-இல் பெர்த்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்த ஆண்டோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. 2008-இல் தேர்வுக் குழுத் தலைவர் ஆனார், 2011-இல் உலகக் கோப்பை வென்ற அணியை அவர் குழுதான் தேர்ந்தெடுத்தது.

முதல் பதினைந்து ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் என்ற விதி உலகக் கோப்பைக்கு 1992-இல்தான் வந்தது. 1996-இல் இலங்கையின் ஜெயசூரியாவும் களுவிதாரணவும் அதை வைத்து வெளுத்து வாங்கினார்கள், பிறகு சேவாக் வந்தார். சீக்கா ஆடிய உலகக் கோப்பைகளில் அந்த விதி இருந்தது கடைசி ஒன்றில் மட்டும். அதற்கு முன் பத்தாண்டு, காலியிடத்தைப் பார்த்தார், பந்தின் இறுக்கத்தை நம்பினார், அடித்தார்.

பாலாற்று மணலிலும் வேலூர்க் கோட்டைப் பக்கமும் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஓவரில் ஒரு பொடியன் தூக்கி அடித்து அவுட்டானால் உடனே கத்தாதீர்கள். ஆள் நின்றிருந்த இடத்துக்கு அடித்தானா, காலியான இடத்துக்கு அடித்தானா என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது என்றால் மறுபடி மட்டையைக் கையில் கொடுங்கள். பம்பாயில் கோட்டை விட்டு நடந்தவருக்கு யாரோ கொடுத்தார்கள், நமக்கு ஒரு உலகக் கோப்பை கிடைத்தது. நம் ஊரிலிருந்தும் அப்படி ஒருவன் வருவான் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.