முதுகுத் தசைக்குள் படியும் கொழுப்பு

சர்வதேச விண்வெளி நிலையத்தில் பல மாதங்கள் தங்கித் திரும்பிய நாசா வீரர்கள் 6 பேரை, கலிபோர்னிய ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். புறப்படும் முன் எடுத்த படங்களும் கையில் இருந்தன. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை ஒட்டிய தசைகளின் குறுக்குவெட்டில் முன்பு 86 சதவீதம் உருப்படியான தசை. திரும்பியபோது அது 72 சதவீதம். ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் முழுதாக மீளவில்லை. இந்த முடிவு 2016-ல் வெளியானது.

உடலைத் தூக்கி நிறுத்தும் வேலை இல்லாமல் போனதால் வந்த இழப்பு இது. தரையில் வாழ்கிறவர்களுக்கும் முதுகுத் தசை கெடுகிறது, மெதுவாக, உள்ளே கொழுப்பு படிந்து.

முள்ளெலும்பின் இரு பக்கமும் ஆழத்தில் ஒட்டிக் கிடப்பது மல்டிஃபிடஸ் என்னும் தசை. நிமிரும்போதும் குனியும்போதும் எலும்புகள் நிலைகுலையாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல தசை கரும்சாம்பலாகத் தெரியும். கொழுப்பு வெள்ளையாக மின்னும். கறிக்கடையில் தொங்கும் தொடையில் சிவப்புக்கு நடுவே ஓடும் வெள்ளை இழைகளைப் போலத்தான். டென்மார்க்கில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், 40 வயதுக்காரர்கள் 412 பேரில் 81 சதவீதத்தினரின் மல்டிஃபிடஸில் கொழுப்பு காணப்பட்டது. 13 வயதுப் பிள்ளைகளிடம் 14 சதவீதம்தான். பெரியவர்களில் கொழுப்பு மிகுந்தவர்களிடம் இடுப்புவலியும் மிகுந்திருந்தது. வலியால் கொழுப்பு வந்ததா, கொழுப்பால் வலி வந்ததா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த அந்தப் படங்களால் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவதோடு வேலை முடிவதில்லை. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனும் கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனும் காந்தப்புலத்தில் சற்றே வேறுபட்ட வேகத்தில் அதிர்கின்றன. இரண்டும் ஒத்து அதிரும் நொடியில் ஒரு படம், எதிரெதிராக அதிரும் நொடியில் இன்னொரு படம். இரண்டையும் கூட்டிக் கழித்தால் தண்ணீர் தனியே, கொழுப்பு தனியே பிரிந்துவிடும். டிக்சன் என்னும் ஆய்வாளர் 1984-ல் வெளியிட்ட இந்த வழி வளர்ந்து, இன்று தசையின் ஒவ்வொரு புள்ளியிலும் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்கிறது.

இனி தசையின் பலத்துக்கு வருவோம். கொழுப்பு சுருங்கி இழுக்காது. ஆகவே ஒரே பருமனுள்ள இரு தசைகள் ஒரே பலம் காட்ட வேண்டியதில்லை. மியூனிக் ஆய்வாளர்கள் 2019-ல் ஆரோக்கியமான இளையவர்களிடமே இதைச் சோதித்தார்கள். முதுகுத் தசையில் கொழுப்பு கூடியவர்களுக்கு, உடலைப் பின்னோக்கித் தள்ளும் பலம் குறைந்திருந்தது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அயர்லாந்தில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 16 வாரம் மேற்பார்வையில் எடைப் பயிற்சி செய்தபோது வலி தணிந்தது. கீழ்முதுகில் சில இடங்களில் கொழுப்பும் குறைந்தது. எல்லாருக்கும் இது ஒரே அளவில் பலிப்பதில்லை.

வருத்தம் என்னவென்றால், இடுப்புக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகள் பலவற்றில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதா, நரம்பு அழுந்துகிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தசையும் அதே படத்தில்தான் பதிந்திருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்பவர், பெரும்பாலும் இன்னொரு படம் எடுக்க வேண்டியதில்லை.