முற்றும் எச்சமும்: விமானப் பராமரிப்பேடுகள் கற்பிக்கும் பாடம்



லிட்டில் இந்தியாவின் பயண முகவர் கடைகளில் சென்னைக்கும் திருச்சிக்கும் பயணச்சீட்டு வாங்கும் நாம், கட்டணத்தையும் சுமையின் அளவையும் கேட்கிறோம். விமானத்தின் பராமரிப்பேட்டைக் கேட்பதில்லை. யாரோ ஒருவர் எழுதிய சொல்லை நம்பியே புறப்படுகிறோம். அந்தச் சொல்லைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

விமானத்தில் ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினாலும் அதற்கெனப் பணியட்டை உண்டு. செய்தவர் கையொப்பமிடுவார். இன்றியமையாப் பணிகளை மற்றொருவர் சரிபார்ப்பார். முடிவில் உரிமம் பெற்ற பொறியாளர், விமானம் சேவைக்குத் தகுதியுடையது எனச் சான்றளிப்பார். விமானி எந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏட்டைப் பார்த்தே பொறுப்பேற்கிறார். ஆகவே ஏட்டுப்பிழையை எழுத்தர் பிழை என்று ஒதுக்க இயலாது.

வினைமுற்று, வினையெச்சம் ஆகியவற்றை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். 'கழற்றி' என்று ஒருவர் நிறுத்தினால், 'கழற்றி, பிறகு?' என்று கேட்பவர் வினவுவார். 'கழற்றி மாட்டினேன்' என்றால் ஐயம் தீரும். இவ்வேறுபாடு மறைந்தபோது நேர்ந்த பிழைகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, எச்சம் முற்றாகக் கொள்ளப்பட்ட பிழை. 1991இல் அமெரிக்காவில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்றில், வால்பகுதிக் கிடைத்தளத்தின் இடப்பக்க முன்விளிம்பைப் பிணைக்கும் 47 திருகாணிகளை மாலைமுறைப் பணியாளர் கழற்றினர். பணி முடியுமுன் முறை மாறியது. கழற்றிய செய்தி பணியட்டையில் ஏறவில்லை. இரவுமுறையினர் அதனை அறியாமலேயே விமானத்தைச் சேவைக்கு விடுத்தனர். செப்டம்பர் 11ஆம் நாள் காலை, பறக்கும்போதே அவ்விளிம்பு பிய்ந்தது. விமானத்திலிருந்த 14 பேரும் மாண்டனர்.

இரண்டாவது, முற்றுப்பெறாததை முற்றென எழுதிய பிழை. 1980இல் ஹாங்காங்கில் தரையிறங்கிய சைனா ஏர்லைன்ஸ் போயிங் 747 விமானத்தின் வால்புறம் ஓடுபாதையில் உரசியது. உற்பத்தியாளரின் கையேட்டு முறைப்படி பழுது நீக்கப்பட்டதாக ஏட்டில் பதிவாயிற்று. உண்மையில் சிதைந்த தகடு முழுவதும் அகற்றப்படவில்லை. அதன்மேல் ஒட்டுத்தகடு பொருத்தப்பட்டது. 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று, அவ்விமானம் தைவான் நீரிணைக்கு மேலே சிதறி, 225 பேர் உயிரிழந்தனர். பின்வந்தோர் எத்தனை முறை ஏட்டைப் புரட்டினாலும், சரியாக முடிந்த வேலையாகவே அது தோன்றியிருக்கும்.

மூன்றாவது, எழுதாமல் விட்ட பிழை. இது நம் வான்வெளிக்கு அருகில் வெளிப்பட்டது. 2010 நவம்பர் 4 அன்று சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் எந்திரம் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. விமானிகளின் திறத்தால் 469 பேரும் சாங்கிக்கே பாதுகாப்பாகத் திரும்பினர். எந்திரத்தினுள் இருந்த எண்ணெய்க் குழாயின் சுவர் ஒருபுறம் மெலிந்திருந்ததே காரணம். குறை பராமரிப்புக் கூடத்தில் நேர்ந்ததன்று, தொழிற்சாலையிலேயே நேர்ந்தது. அங்கே, சிறியவை எனத் தாம் கருதிய குறைகளைப் பதிவு செய்யாமல் விடுவது ஏற்கத்தக்கது என்னும் வழக்கம் நிலவியதை ஆஸ்திரேலியப் புலனாய்வு அறிக்கை சுட்டிக்காட்டியது.

நம் நாட்டில் இவ்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அவ்வாறாயின் தமிழ் வகுப்புக்கு இதில் பங்கு யாது? 'செய்தேன்' என்னும் ஒரு சொல்லில் செயல், காலம், செய்தவர் மூன்றும் அடங்கும். 'செய்யப்பட்டது' என்றவுடன் செய்தவர் மறைந்துவிடுகிறார். பணியட்டையில் கையொப்பம் கேட்பது, மறைந்த அவரை மீண்டும் தொடருக்குள் கொண்டுவரவே. தாய்மொழியில் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் எம்மொழியில் எழுதினும் அதனைக் காப்பார்.

எனினும் இலக்கணம் மட்டும் போதாது. புறப்பாட்டு நேரம் நெருங்கும்போது 'இன்னும் முடியவில்லை' என்றெழுதத் துணிவு வேண்டும். அத்துணிவு பணிக்கூடத்தில் திடீரென முளைப்பதன்று. 'இதுவரை செய்தேன், இதற்குமேல் விளங்கவில்லை' என எழுதும் மாணவரை நாம் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் நண்பரின் விடையைப் பார்த்து எழுதி நிரப்புவார். அம்மாணவரே நாளை தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ வானூர்திப் பொறியியல் பயின்று, சாங்கியிலும் சிலேத்தாரிலும் கையொப்பமிடக்கூடும்.

ஆதலின் ஆசிரியராகிய நாம் நேர்மையான எச்சத்துக்கும் மதிப்பெண் வழங்குவோம். மாணவராகிய நாம், முடிக்காத வேலையை முடித்ததாக எழுதாதிருப்போம். நம் கையொப்பத்தை நம்பிப் பறப்பவர்கள் நம்மைப் பார்த்தறியாதவர்கள். அவர்களுக்கு நாம் அளிக்கக்கூடிய காப்பு, மெய்யான ஒரு வினைமுற்றே.