யார் வீட்டுப் பணம்?



நைஜீரியா என்ற பேரைச் சொன்னதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மின்னஞ்சல். செத்துப்போன தளபதியின் விதவை எழுதுவாள். வங்கியில் கோடிக்கணக்கான டாலர் முடங்கிக் கிடக்கும். உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு உங்களுக்கு. இந்த மோசடிக்கு அவர்கள் நாட்டில் பெயரே 419. நமக்கு ஃபோர் ட்வென்டி எப்படியோ, அவர்களுக்கு ஃபோர் ஒன் நைன். இரண்டும் வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டப் புத்தகங்களின் பிரிவு எண்கள். ஆனால் ஃபோர் ட்வென்டி என்ற சொல் நம் வாயில் புழங்குவதால் நம்மை யாரும் ஏமாற்றுக்கார இனம் என்று சொல்வதில்லை. சொன்னால் சும்மா இருக்கவும் மாட்டோம். திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் எடுக்க வரும் நைஜீரிய வியாபாரியை மட்டும், "அவங்க ஊரே அப்படித்தாங்க" என்ற ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். அந்த ஊர் எப்படி அப்படி ஆனது என்று பார்ப்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிமக்களின் வரியில் பிழைக்கும் அரசாங்கத்திடம் குடிமக்கள் கணக்குக் கேட்பார்கள். குடிமக்களின் கை படாமல் எங்கிருந்தோ வரும் பணத்தில் பிழைக்கும் அரசாங்கத்திடம் கேட்க ஆள் இருக்காது. நைஜீரியாவின் ஊழலுக்கும், அந்த ஊழலைப் பார்த்து வளர்ந்த தெருக்குற்றத்துக்கும் வேர் அங்கே இருக்கிறது.

அந்த நாட்டின் பிறப்பே ஒரு வியாபாரக் கணக்கு. நைஜர் நதிக்கரையில் பாமாயில் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த ராயல் நைஜர் கம்பெனியிடமிருந்து 1900-இல் பிரிட்டிஷ் அரசு ஆட்சியை வாங்கிக்கொண்டது. வடக்கையும் தெற்கையும் 1914-இல் பிரிட்டிஷ் ஆளுநர் லுகார்டு ஒன்றாக இணைத்தார். அங்கே இருந்த ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. தென்கிழக்கில் இக்போ மக்களிடம் ராஜா என்று ஒருவர் இல்லாமல், ஊர்க்கூட்டமே எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் ஒரு சீட்டைக் கொடுத்துத் தலைவர்களை நியமித்தான். 'வாரண்ட் சீஃப்' என்று அவர்களுக்குப் பெயர். ஊர் தேர்ந்தெடுக்காத தலைவன் ஊருக்கு எதற்காகப் பதில் சொல்ல வேண்டும்? லஞ்சம், கட்டாய வேலை, பறிமுதல் எல்லாம் அந்தச் சீட்டின் பலத்தில் நடந்தன.

1929 நவம்பரில் ஓலோக்கோ என்ற ஊரில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ந்வான்யெருவா என்ற பெண் எண்ணெய்ப்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கணக்கெடுக்க வந்தவன், வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று சொல்லச் சொல்கிறான். எண்ணினால் அடுத்தது வரி என்பது அவளுக்குத் தெரியும். உன் தாயை யாராவது எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டாள். கைகலப்பு ஆயிற்று. சேதி சந்தைக்குச் சந்தை பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் வாரண்ட் சீஃப்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். ஆனாலும் வாரண்ட் சீஃப் முறை அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. வரி என்ற பேச்சு எடுத்த மாத்திரத்திலேயே கேள்வி பிறந்துவிட்டது. கேள்வி கேட்கத் தெரியாத ஜனங்கள் இல்லை அவர்கள்.

பிறகு எண்ணெய் வந்தது. 1956-இல் நைஜர் நதியின் டெல்டா பகுதியில் ஒலோய்பிரி என்ற சிற்றூரில் ஷெல் கம்பெனி எண்ணெயைக் கண்டது. 1958-இல் ஏற்றுமதி, 1960-இல் விடுதலை. அதுவரை வடக்கே கானோ நகரில் நிலக்கடலை மூட்டைகளைப் பிரமிடு பிரமிடாக அடுக்கி வைத்திருப்பார்கள். மேற்கே கொக்கோ, கிழக்கே பாமாயில். மேற்கு மாகாணத்தில் அதன் முதல்வர் ஒபாஃபெமி அவொலோவோ 1955-இல் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாகாணமும் தன் விளைச்சலில் நின்றது. கனிம வருவாயில் பாதி அது கிடைத்த மாகாணத்துக்கே என்று விடுதலைக் கால ஏற்பாடு இருந்தது. 1966-இல் ராணுவம் நுழைந்தது. 1967 முதல் 1970 வரை, பியாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிந்த தென்கிழக்கோடு போர். போர் நடக்கும்போதே, 1969-இல், நாட்டின் எண்ணெய் முழுவதும் மத்திய அரசின் சொத்து என்று ஒரு ஆணை வந்தது. விளைந்த இடத்துக்கான பங்கு படிப்படியாகச் சுருங்கி, பின்னாளில் ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு விழுக்காடு வரை இறங்கியது. 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியபோது அன்றைய தலைநகர் லாகோஸில் சட்டமன்றம் இல்லை, எதிர்க்கட்சி இல்லை. கஜானாவின் சாவி சீருடைப் பையில் இருந்தது.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதற்கு 1975-இல் லாகோஸ் துறைமுகத்தைப் பார்த்தால் போதும். ராணுவ அரசு ஏறத்தாழ 2 கோடி டன் சிமெண்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. பெரும்பங்கு பாதுகாப்பு அமைச்சகத்தின் பேரில். துறைமுகத்தில் ஒரு வருடத்தில் இறக்கக்கூடியது 10 லட்சம் டன் அளவுதான். விளைவு, நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு வரிசையில் நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் தாமதக் கட்டணத்தை அரசு கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்துக்காகவே ஓட்டைக் கப்பல்கள் வந்து வரிசையில் சேர்ந்தன என்று அன்றைக்கே பேச்சு. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கமிஷன் பார்த்தவர்கள் உண்டு. கொக்கோ விவசாயி வரியாகக் கட்டிய காசாக இருந்தால் இவ்வளவு துணிச்சல் வந்திருக்குமா? இது தரையிலிருந்து பீறிட்டு வந்த காசு. அதே பணத்தில் நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. 1976-இல் நாடு முழுக்கத் தொடக்கக் கல்வி என்று அறிவித்தார்கள். ஆசிரியர் பஞ்சம் வந்தது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அந்தக் காலத்தில் அங்கே பாடம் நடத்தப் போன தமிழர்கள் பலர். இந்த அரங்கிலேயே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம்.

இன்றைக்கும் அந்த நாட்டு அரசியலின் மையச் சடங்கு ஒன்று உண்டு. மாதந்தோறும் தலைநகர் அபுஜாவில் ஒரு குழு கூடும். 36 மாநிலங்களின் நிதிப் பொறுப்பாளர்கள் வந்து உட்காருவார்கள். எண்ணெயில் தொடங்கிப் பொதுக் கணக்கில் சேர்ந்த பணத்தை மத்திய அரசு, மாநிலங்கள், 774 உள்ளாட்சிகள் என்று பிரிப்பார்கள். இந்தப் பங்கீட்டுக்கு மக்கள் வைத்த பெயர் 'நேஷனல் கேக்'. ஊருக்குத் திரும்பும் பணத்தில் ஆளுநருக்கு 'செக்யூரிட்டி வோட்' என்று ஒரு தொகை உண்டு. பாதுகாப்புச் செலவு என்பார்கள். ரசீது காட்ட வேண்டியதில்லை. தன் பகுதி ஆள் பதவிக்கு வர வேண்டும் என்று மக்கள் தவிப்பதற்குக் காரணம் இந்த மேசைதான். நெடுங்காலம் நாட்டின் உற்பத்தியில் பத்து விழுக்காடுகூட வரியாக வரவில்லை. ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்தே வந்தது. அப்படி இருக்க, ஆட்சியில் இருப்பவன் குடிமகனின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் எங்கே?

குற்றம் இதன் கீழ்ப்படி. மேசையில் இடம் கிடைக்காதவன் குழாயில் ஓட்டை போடுகிறான். டெல்டாவின் ஓடைகளில் இளைஞர்கள் எண்ணெய்க் குழாயை உடைத்து, சதுப்புக் காட்டுக்குள் இரும்புப் பீப்பாய்களில் காய்ச்சி விற்றார்கள். எண்ணெய்க் கம்பெனி ஊழியர்களைக் கடத்திப் பணம் கேட்டார்கள். மீன் பிடித்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது, மண் செத்தது. அதை அமைதி வழியில் எதிர்த்த எழுத்தாளர் கென் சரோ-விவாவை 1995 நவம்பர் 10-இல் மற்ற எட்டுப் பேருடன் தூக்கில் போட்டார்கள். அமைதியாகக் கேட்டவனுக்குக் கயிறு. துப்பாக்கி எடுத்தவர்களுக்கு 2009-இல் பொதுமன்னிப்பும், மாதம் 65,000 நைரா உதவித்தொகையும். இதிலிருந்து ஒரு இளைஞன் என்ன பாடம் படிப்பான்? சாலையில் நிற்கும் காவலர் கதையும் இதுவே. சோதனைச் சாவடியில் வசூலாகும் மாமூல் அந்தக் காவலரோடு நிற்பதில்லை. 'ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் மேலதிகாரிக்குப் படியளக்க வேண்டும். கொள்ளையரைப் பிடிக்க 1992-இல் உருவான சார்ஸ் என்ற சிறப்புப் படையே நாளடைவில் இளைஞர்களை மறித்துப் பணம் பறிக்கும் படையாகிவிட்டது. 2020 அக்டோபரில் நாடே அதற்கு எதிராகத் தெருவுக்கு வந்தது.

மறுப்புகள் உண்டு. முதலாவது, இது அவர்கள் பண்பாடு என்பது. பெரியவர்களைப் பார்க்கக் கையில் ஏதாவது கொண்டுபோவது வழக்கம், அதுதான் லஞ்சமாக வளர்ந்தது என்பார்கள். நைஜீரிய அறிஞர் பீட்டர் எக்கே 1975-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குச் சரியான பதில். அங்கே ஒரே மனிதனுக்கு இரண்டு பொதுவெளிகள் என்கிறார் அவர். ஒன்று சொந்த ஊர், சொந்த இனம். மற்றொன்று வெள்ளைக்காரன் விட்டுப்போன அரசாங்கம். ஊர்ச் சங்கம் சந்தா வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டும், கெட்டிக்காரப் பையனைப் படிக்க வைக்கும். அந்தப் பணத்தில் கை வைத்தவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அதே ஆள் அரசாங்கக் கஜானாவில் எடுத்துவந்து ஊருக்குச் செய்தால் அவனுக்கு மாலை! ஒரே மனிதன், ஒரே பண்பாடு. ஊர்ச் சங்கத்தில் இருப்பது தன் வீட்டுப் பணம். அரசாங்கத்தில் இருப்பது யார் வீட்டுப் பணமோ.

இரண்டாவது மறுப்பைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1983-இல் எழுதிய சிறு நூலில், நைஜீரியாவின் குறை தலைமையின் குறை, வேறொன்றும் இல்லை என்று வாதாடினார். அவர்மீது எனக்குள்ள மரியாதையோடு சொல்கிறேன், இது பாதி உண்மை. 1966-இல் முதல் ராணுவப் புரட்சிக்காரர்கள் வானொலியில் திட்டியதே பத்து விழுக்காடு கமிஷன் வாங்குபவர்களைத்தான். 1975-இல் ஆட்சிக்கு வந்த ராணுவத் தலைவர் முர்தாலா முகம்மது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். 1984-இல் இன்னொரு ராணுவ ஆட்சியாளர் புஹாரி ஒழுங்கீனத்தின்மீது போர் என்று அறிவித்தார். பேருந்துக்கு வரிசையில் நிற்காதவனைச் சிப்பாய் சாட்டையால் அடித்தான். அதே புஹாரி நேர்மையாளர் என்ற பெயரில் 2015-இல் தேர்தலில் வென்றார். அவர் ஆட்சியில், 2022-இல், 8,000 கோடி நைரா மோசடிக் குற்றச்சாட்டில் கைதானவர் நாட்டின் தலைமைக் கணக்கர். கணக்கரே! ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பணம் வரும் வழி மாறவில்லை.

எண்ணெய்க்கு முன்பே அங்கே ஊழல் இருந்ததே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஆமாம், இருந்தது. அவொலோவோவின் மாகாணத்தில் அரசுப் பணம் கட்சிக்குப் போனதை 1962-இல் விசாரணைக் கமிஷன் வெளிக்கொண்டுவந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். விவசாயிக்கு உலக விலையைத் தராமல் கொள்முதல் வாரியம் பிடித்துவைத்த உபரி அது. விவசாயிக்குத் தன் காசு போனதே தெரியாது. சிறிய குழாய், அவ்வளவுதான்; எண்ணெய் பெரிய குழாய்.

கடினமான கேள்வி போட்ஸ்வானா. அங்கேயும் பூமிக்கடியில் இருந்து பணம் வந்ததே, ஏன் கெடவில்லை? 1966-இல் விடுதலை, 1967-இல் ஓராப்பாவில் வைரம். அதிபர் செரெட்சே காமா தன் சொந்த இனத்தாரின் நிலத்தில் கிடைத்த வைரத்தையும் நாட்டுக்கே உரியதாக்கினார். அந்த நாட்டு நாடாளுமன்றத்தை இன்றுவரை ஒரு சிப்பாயும் கலைத்ததில்லை. ஆகவே கனிமம் விதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணம் வந்த நேரத்தில் கேட்கும் வாய் திறந்திருந்ததா என்பதுதான் வேறுபாடு. நைஜீரியாவில் 1966-க்கும் 1999-க்கும் இடையே சுமார் 29 ஆண்டுகள் ராணுவம் ஆண்டது.

திருடியவன் தனியாகத் திருடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர்வாதிகாரி அபாச்சா பதுக்கிய பணத்தில் ஸ்விட்சர்லாந்து மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அவ்வளவும் கண்ணியமான வங்கிகளில் இருந்த பணம். போனி தீவின் எரிவாயு ஆலை ஒப்பந்தத்துக்காகச் சுமார் 18 கோடி டாலர் லஞ்சம் கொடுத்த கூட்டணியில் இருந்த அமெரிக்கக் கம்பெனி கேபிஆர், 2009-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. டெல்டா மாநில முன்னாள் ஆளுநர் இபோரிக்கு 2012-இல் 13 ஆண்டுச் சிறை விதித்தது லண்டன் நீதிமன்றம். அவர் வீடு வாங்கிப் போட்டிருந்ததும் லண்டனில்தான்.

நான் சொல்வதற்கு நைஜீரியாவுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. லாகோஸ் மாநிலம் புதிய உள்ளாட்சிகளை உருவாக்கியதால் 2004-இல் மத்திய அரசு அதன் உள்ளாட்சிப் பங்கை நிறுத்திவைத்தது. வேறு வழியில்லாமல் லாகோஸ் வரி வசூலில் இன்னும் தீவிரமாக இறங்கியது. 1999-இல் மாதம் சுமார் 60 கோடி நைராவாக இருந்த அதன் சொந்த வருவாய் பதினைந்து ஆண்டுகளில் 2,000 கோடியைத் தாண்டியது. பணவீக்கத்தைக் கழித்தாலும் பெரிய ஏற்றம். லாகோஸ் சுத்தமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அந்த வசூலிலேயே புகார்கள் உண்டு. ஆனால் சாலையும் பேருந்தும் எங்கே என்று வரி கட்டியவன் கேட்கிறான், ஆளுநரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

2025 ஜூனில் நைஜீரியா நான்கு புதிய வரிச் சட்டங்களை இயற்றியது. 2026 ஜனவரி 1 முதல் அவற்றில் முக்கியமானவை நடப்புக்கு வந்தன. நாடு முழுக்க லாகோஸாகுமா, கட்டிய காசுக்குக் கணக்குக் கிடைக்குமா என்பதை அந்த மக்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஓலோக்கோப் பெண்களின் பேத்திகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். காதர்பேட்டையில் சரக்கெடுக்க வந்த ஒரு நைஜீரியர் உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், அவர் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிடாதீர்கள்.