விதைப் பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒப்பந்தம்

(பெரம்பலூரில் விவசாயத் தொழிலாளர்களும் அரியலூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், கட்சி ஊழியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



போன மாதம் வேப்பந்தட்டைப் பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, பருத்தி எடுக்கப் போகும் ஓர் அம்மா என்னைக் கேட்டார்: "கம்பெனிக்காரன் ஷேர் வாங்கினவன்கிட்டேயே கணக்கை மறைக்கிறான்னா அது அவங்க வீட்டுச் சண்டை. நமக்கு என்ன தோழர்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இன்று சொல்கிறேன். பங்குச் சந்தையில் பெயர் பதித்த கம்பெனி, தன் பங்குதாரருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் சந்தைக்கு எழுதித் தர வேண்டும். சந்தை அதை ஊர் பார்க்க வெளியிடும். ஆகவே பங்குதாரர் காதில் போட்டது விவசாயி காதிலும் விழும், சர்க்கார் காதிலும் விழும். நம்மிடம் மறைப்பதற்காகத்தான் அவரிடமும் மறைக்கிறார்கள்!

பேட்டண்ட் என்பது, நான் கண்டுபிடித்ததை இருபது ஆண்டுக்கு வேறு எவனும் செய்யக் கூடாது என்று சர்க்காரிடம் வாங்குகிற பட்டயம். லைசென்ஸ் என்பது, "நீ செய்துகொள், எனக்கு இவ்வளவு அள" என்று பட்டயக்காரன் அடுத்தவனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. குத்தகைச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது புதிதல்ல.

நம் கரிசலில் விளையும் பி.டி. பருத்தியையே எடுத்துக்கொள்வோம். 2002 மார்ச்சில் மத்திய சர்க்கார் அதற்கு அனுமதி கொடுத்தது. மரபணு அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனியுடையது. லைசென்ஸ் கொடுத்துக் கட்டணம் வசூலித்தது மஹிகோ மான்சான்டோ பயோடெக். இந்த விதைக் கம்பெனிகள் எல்லாம் அந்த ஒரே வாசலில் போய்ச் சீட்டு வாங்கின. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் 1,250 ரூபாய் மரபணுக் கட்டணமாகவே போகிறது என்று 2006 ஜனவரியில் ஆந்திர சர்க்கார் டில்லியிலிருந்த ஏகபோகத் தடுப்புக் கமிஷனிடம் முறையிட்டது. அமெரிக்காவிலும் சீனத்திலும் இதைவிடப் பல மடங்கு குறைவாக வாங்குகிறார்கள் என்றும் சொன்னது. மே மாதம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கமிஷன் இடைக்கால உத்தரவிட்டது. பாக்கெட் 750 ரூபாய்க்கு இறங்கியது.

பாதி விலைக்கும் கீழே! கம்பெனி ஒன்றும் மூடிவிட்டுப் போகவில்லை. நாலு வருஷமாக அந்த அதிகப் பணத்தைக் கொடுத்த சாகுபடிக்காரர் அதை எங்கே ஈடுகட்டினார்? எடுப்புக் கூலியில். கூலி கேட்டுப் போனவர்களிடம் "விதையே விழுங்கிவிட்டது" என்று அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. யார் விழுங்கியது என்பதுதான் அவருக்கும் தெரியாது.

ஏன் மறைக்கிறீர்கள் என்றால், போட்டியாளன் தெரிந்துகொள்வான் என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. செய்முறை நுட்பத்தை எவனும் தெருவில் வைக்க மாட்டான். ஆனால் ரூபாய்க் கணக்கு நுட்பமா? ஒரு லைசென்ஸ்காரனுக்கு ஐம்பது, இன்னொருவனுக்கு நூறு என்று எழுதியிருந்தால், நூறு கொடுப்பவன் தெரிந்துகொண்டதும் சண்டைக்கு வருவான். ஆளுக்கு ஒரு கூலி பேசி, அடுத்தவனிடம் சொல்லாதே என்கிற மேஸ்திரியை நீங்கள் பார்த்ததில்லையா? அதே வித்தைதான்.

இன்னொரு காரணம் பயம். லைசென்ஸ் வாங்கிய கம்பெனியின் லாபம் முழுவதும் அந்த ஒரு சீட்டில் தொங்குகிறது. எந்த ஷரத்தைக் காட்டி அதை முறிக்கலாம் என்று பங்குதாரருக்குத் தெரிந்தால் பங்கு விலை சரியும். கற்பனையல்ல. 2015-இல் கட்டணத் தகராறில் நுஜிவீடு விதைக் கம்பெனியின் லைசென்ஸை மஹிகோ மான்சான்டோ ரத்து செய்தது. ஒப்பந்தத்தை முறிக்கும் ஷரத்துகள் மிகக் கடுமையாக இருப்பதாக முதல் பார்வையில் கருதி, 2016 பிப்ரவரியில் போட்டிக் கமிஷன் விசாரணைக்கு உத்தரவிட்டது. சண்டை வந்ததால் சீட்டு வெளிச்சத்துக்கு வந்தது.

பட்டயக்காரனுக்கும் பயம் உண்டு. 2010-இலேயே, குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தன் முதல் மரபணுவை மீறிவிட்டதை மான்சான்டோ ஒப்புக்கொண்டது. சரக்கு வலுவிழந்தால் கட்டணம் குறையுமா? ஒப்பந்தம் என்ன சொல்கிறது? பங்குதாரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2017-இல் நம் வட்டாரத்தில் பருத்திக்கு மருந்தடிக்கப் போய் மாண்டவர்களை நீங்கள் அறிவீர்கள். புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று சொல்லி விற்ற விதை அது.

கம்பெனியை வகுத்த விதத்திலேயே மறைப்பு இருந்தது. பம்பாய்ப் பங்குச் சந்தையில் மான்சான்டோ இந்தியா என்று ஒரு கம்பெனி இருந்தது. மக்காச்சோள விதை, களைக்கொல்லி விற்ற கணக்கு அதில் வரும். பருத்தி மரபணுக் கட்டணம் வாங்கியது, சந்தைக்கு வராத வேறு கம்பெனி. மான்சான்டோவும் மஹிகோவும் பாதிப் பாதி. மொத்த வரவைக் கம்பெனிப் பதிவாளரிடம் தேடிப் பிடிக்கலாம். யாரிடம் எவ்வளவு, எந்த ஷரத்தில் என்பது அங்கே இராது.

சட்டம் என்ன செய்கிறது? குடை பிடிக்கிறது. பேட்டண்ட் சட்டத்தின் 69-ஆவது பிரிவில், பதிவாகும் லைசென்ஸின் நிபந்தனைகளைக் கம்பெனி கேட்டால் இரகசியமாக வைக்க இடம் உண்டு; கோர்ட் உத்தரவு இருந்தால்தான் வெளியே வரும். யாருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தாய் என்று ஆண்டுதோறும் 27-ஆம் படிவம் கேட்டது. 2020 அக்டோபரில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் படிவமே மூன்றாண்டுக்கு ஒரு முறை போதும் என்றாக்கிவிட்டார்கள். செபி விதியோ, வழக்கமான வியாபாரத்தில் சேராத முக்கிய ஒப்பந்தங்களைத்தான் சொல்லச் சொல்கிறது. லைசென்ஸ் எங்கள் வழக்கமான வியாபாரம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது!

நுஜிவீடு வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? 2018-இல் டில்லி ஐகோர்ட் பேட்டண்ட் செல்லாது என்றது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. அந்த ஆண்டே பேட்டண்டின் காலமும் முடிந்தது. 2021 மார்ச்சில், மான்சான்டோவை வாங்கிவிட்ட பேயரும் நுஜிவீடும் சமாதானமாகிவிட்டதாக அறிவித்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? வெளியே சொல்லவில்லை. இத்தனை ஆண்டு விதைக்குப் பணம் கொடுத்தவன் கதவுக்கு வெளியே நின்றான்.

ஆனால் மறைக்காமலும் நடத்த முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2015 டிசம்பரில் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. 2016 மார்ச்சில் பாக்கெட் விலை 800 ரூபாய், அதில் மரபணுக் கட்டணம் 49 ரூபாய் என்று சர்க்கார் பிரித்துப் போட்டது. வானம் இடிந்து விழவில்லை. 2018-இல் 39, 2019-இல் 20, 2020-இல் பூஜ்யம்.

அரியலூர்த் தோழர்களே, இது பருத்திக்காரர் கதை என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள். 2015 ஆகஸ்டிலிருந்து அந்த நிதியில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகிறது. எல்.ஐ.சி. பாலிசிப் பணமும் போகிறது. கணக்கு மறைக்கப்படுகிற முதலீட்டாளர் யாரோ பம்பாய்ச் சேட் மட்டுமல்ல, சுண்ணாம்புப் புழுதியில் நிற்கும் நீங்களும்தான். உங்கள் பணத்தைச் சந்தையில் போட்டிருக்கிற அந்த இரண்டு நிறுவனங்களும் கம்பெனிகளை எழுந்து கேட்க வேண்டும்.

27-ஆம் படிவத்தில் லைசென்ஸ் விவரத்தைத் திரும்பச் சேர்க்கவும், லைசென்ஸ் கட்டணத்தைச் சந்தைக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்தவும் கோரி ஒரு மனு தயாராக இருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம், மை இருக்கிறது. வேப்பந்தட்டை அம்மா வந்திருந்தால் முதலில் அவர் வரட்டும்.