சுழல் விளக்கு பந்தாவுக்கு இல்லை! – பொதுக்கூட்ட உரையிலிருந்து



கார் மேல சிவப்பு விளக்கு சுத்தினா, "பெரிய ஆள் வர்றார்"னு சனங்க ஒதுங்கி நின்ன காலம் ஒண்ணு இருந்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. 2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர் தொடங்கி யார் காரிலும் அந்த விளக்கு கிடையாது.

இன்று சுழல் விளக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல்துறை போன்ற அவசரப் பணி வாகனங்களுக்குத்தான். அதுவும் அந்தப் பணியில் இருக்கும்போது மட்டும்தான்.

அவற்றுக்கு வழி விடலைன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஆனா அபராதத்துக்குப் பயந்தா நாம வழி விடணும்? உள்ளே கிடப்பது யாரோ ஒருத்தரோட அப்பா, யாரோ ஒருத்தரோட பிள்ளை!

அதனால உங்ககிட்ட ரெண்டே வேண்டுகோள். நம்ம கொடி கட்டிய எந்தக் காரிலும் சைரனும் வேண்டாம், சுழல் விளக்கும் வேண்டாம். ஊர்வலத்துக்கு நடுவே ஆம்புலன்ஸ் வந்தா, தலைவர் வண்டியா இருந்தாலும் முதல்ல ஓரங்கட்டணும்.

கூட்டம் ரெண்டா விலகி ஆம்புலன்ஸ் போகுதே, அதைவிடப் பெரிய பெருமை நமக்கு வேற இல்லை.