தோற்றவர் வரலாறும் நடுகல்லும்



கி.பி. 43-இல் உரோமப் பேரரசு பிரித்தானியாவைக் கைப்பற்றத் தொடங்கியது. அதனை எழுதிவைத்தோர் வென்ற உரோமரே. தோற்ற மக்கள் எழுதி வைத்திலர். ஆகவே வரலாற்றாசிரியர்கள் வென்றோர் ஏட்டை ஐயத்துடன் படித்து, மண்ணிற் கிடைக்கும் வீட்டுத் தடம், நாணயம், மட்கலம் ஆகியவற்றோடு ஒப்பிடுகின்றனர்.

நம் தேனி மாவட்டத்திலும் மண் பேசியுள்ளது. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துடைய நடுகற்களைக் கண்டனர். ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த தீயன் அந்துவனைக் குறிக்கின்றது. அக்கூடலூர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதுவாருமுளர். அக்கல்லில் அரசன் பெயர் இல்லை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே எழுத்து அரண்மனைக்கு வெளியேயும் வழங்கியமைக்கு அது சான்றாகும்.

அந்துவன் எக்குலத்தான் என்று கல் கூறவில்லை. நாமும் அவனை நம்மவன் என்று உரிமை கொண்டாட வேண்டா. சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் கூறாமையே வரலாற்று நேர்மை.

நம் முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையே நெடுங்காலம் படித்துவந்தோம். இளைஞர்களே, நம் ஊர்க் கற்களையும் முதியோர் நினைவுகளையும் இன்றே குறித்துவைப்போம். கிடைத்ததைக் கிடைத்தவாறே எழுதுவோம்.